காய்கறிப் பங்கா, உழவர் சந்தையா? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

விதைப்புக்கு முன்பே பருவப் பணத்தைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு, அறுவடை தொடங்கியதும் வாரம் ஒரு கூடை காய் வாங்கிக்கொள்வதுதான் காய்கறிப் பங்கு. ஜப்பானில் 1970-களில் நுகர்வோர் குழுக்களும் உழவர்களும் சேர்ந்து வளர்த்த முறை இது. அமெரிக்காவில் 1986-ல் தொடங்கியது. பெருநகரத்தில் இருப்பவருக்கு இதன் கவர்ச்சி எளிதில் புரியும். நம் பக்கத்தில் கேள்வியே வேறு. பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி மண்டி இருக்கிறது. சூளகிரிப் பக்கம் கொத்தமல்லியும் புதினாவும் வயல் வயலாக நிற்கின்றன. தருமபுரியிலும் ஓசூரிலும் உழவர் சந்தை கூப்பிடு தூரம். காய் விளையும் மண்ணிலேயே இருந்துகொண்டு எதற்காக முன்பணம் கட்ட வேண்டும்?

விலை குறையும் என்று நினைத்தால் கட்ட வேண்டாம், குறையாது. காரணம் வேறொன்று இருக்கிறது. உழவர் சந்தையில் கத்தரிக்காய்க்கு ஒரே விலைதான் பலகையில் எழுதியிருக்கும். வாரம் ஒருமுறை பூச்சிமருந்து அடித்த கத்தரிக்கும், மருந்தே காணாத கத்தரிக்கும் அதே விலை. மருந்தடிக்காதவர் தண்டையும் காயையும் குடையும் காய்த்துளைப்பான் புழுவுக்குப் பறிப்பில் ஒரு பகுதியைப் பறிகொடுத்துவிட்டு, மிச்சத்தை அந்த விலைக்கே விற்க வேண்டும். இரண்டு பருவம் அப்படி விற்றவர் மூன்றாம் பருவத்தில் தெளிப்பானைத் தூக்கிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. பங்குப் பணம் அந்த இழப்பை ஈடுகட்டத்தான். அதற்காகப் பணம் கொடுக்க மனமிருந்தால் பங்கு நல்லது. இல்லையென்றால் உழவர் சந்தையை மிஞ்ச எதுவும் இல்லை, அங்கேயே வாங்குங்கள்.

மனமிருப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை: முதல் தடவை ஆடிப்பட்டத்துக்கு, அரைப் பங்கு (முழுக் கூடையில் பாதி), தோட்டத்துக் கிணற்றைச் சித்திரையில் பார்த்த பிறகு. இந்த மூன்றுக்கும் காரணம் கீழே.

கூடையில் என்ன வரும், எப்போது வரும்

பங்கில் சேர்ந்து பாதியில் விலகுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கடையில் வாங்குவது போல எல்லாக் காயும் எல்லா வாரமும் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். வராது. செடி தன் நாளில்தான் காய்க்கும்.

ஆடிப்பட்டத்தில், அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை விதைப்பு நடக்கும். சிறுகீரை 20, 25 நாளில் பிடுங்க வரும். அரைக்கீரை அதே கணக்கில் முதல் வெட்டுக்கு வந்து, பிறகு வெட்ட வெட்டத் துளிர்க்கும். முள்ளங்கியும் கொத்தமல்லியும் 40, 45 நாள். வெண்டை 45-ம் நாளில் முதல் பறிப்புக்கு வரும், அதன்பின் ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். பீர்க்கு, புடலை, பாகலுக்கு இரண்டு மாதம். கத்தரி, தக்காளிக்கு நாற்றங்கால் நாளையும் சேர்த்தால் ஏறக்குறைய 90 நாள். ஆடி முதல் வாரம் விதைத்த தோட்டத்திலும் கத்தரி கூடைக்கு வர ஐப்பசி ஆகிவிடும்.

இதன் பொருள், ஆவணி கடைசியில் பங்கு தொடங்கினால் முதல் மூன்று நான்கு வாரக் கூடை கீரையும் முள்ளங்கியும் கொத்தமல்லியுமாகத்தான் இருக்கும். இதை முன்கூட்டிச் சொல்லும் தோட்டக்காரர் நேர்மையானவர். இன்னும் விவரமானவர், கீரையை மட்டும் தனியாக விற்றுவிட்டு, விதைத்த ஒன்பதாவது வாரத்திலிருந்துதான் பங்கைத் தொடங்குவார். இரண்டு தோட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் இரண்டாமவரிடம் சேருங்கள்.

புரட்டாசி பிற்பகுதியும் ஐப்பசியும் கூடை நிறையும் காலம். அரைப் பங்குக் கூடை ஒன்று அப்போது ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும்: வெண்டை அரை கிலோ, கத்தரி அரை கிலோ, பீர்க்கு அல்லது புடலை முக்கால் கிலோ, கொத்தவரை கால் கிலோ, முள்ளங்கி அரை கிலோ, பச்சைமிளகாய் 100 கிராம், கீரை இரண்டு கட்டு, கொத்தமல்லி ஒரு கட்டு. ஆனால் இதே மாதங்களில்தான் நம் மாவட்டங்களில் மழையும் வலுக்கும். நான்கு நாள் விடாமல் பெய்தால் கீரைப் பாத்தி அழுகும், பழுக்கத் தொடங்கிய தக்காளி வெடிக்கும், பறிக்க ஆள் வயலில் இறங்க முடியாது. ஒரு பருவத்தில் இப்படி இரண்டு வாரம் மெலிந்த கூடை வந்தால் அது இயல்பு. அதற்கு மேல் வந்தால் கேட்க வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் பனி இறங்கியதும் வெண்டை சுணங்கும், கொடிகளில் சாம்பல் நோய் ஏறும். இந்தக் குறையை அவரை தீர்த்துவைக்கும். நாட்டு அவரை பகல் குறுகும்போதுதான் பூக்கும். எப்போது விதைத்தாலும் அது காத்திருந்து மார்கழி, தையில்தான் கொத்துக் கொத்தாக இறங்கும். பச்சை மொச்சையும் அப்போதுதான். அந்த மொச்சையை ஊறவைத்துத் தோல் பிதுக்கி எடுத்த பிதுக்குப் பருப்புக் குழம்புக்கும் களிக்கும் நம் ஊர்களில் எவ்வளவு மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. விதைக்கும் முன்பே தோட்டக்காரரிடம் இரண்டு வரி அவரையும் மொச்சையும் கேட்டுப் பாருங்கள். அவர் வேலியோரம் ஏற்றிவிட்டால் பருவத்தின் கடைசி ஆறு வாரம் கூடை வெறுமையாகாது. சந்தைக்காகப் பயிரிடுபவரிடம் இப்படிக் கேட்க முடியாது. பங்கில் கிடைக்கும் உண்மையான சலுகை இது.

தைப்பட்டத்துப் பங்கு வேறு கதை. தை, மாசியில் விதைத்து சித்திரை, வைகாசி வரை பறிப்பது. வெயிலில் வெள்ளை ஈ பெருகி வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்பும். தக்காளியில் இலைச்சுருட்டு வரும். 35 டிகிரிக்கு மேல் போனால் தக்காளிப் பூ உதிரும். கிணறு இறங்கும். அந்தக் காலத்தில் நம்பலாம் என்றால் கொத்தவரை, வெள்ளரி, சுரை, முருங்கை ஆகியவற்றைத்தான். வெயில் காலக் கூடையில் ஆறு வாரம் சுரைக்காய் வந்தால் வியப்படையக் கூடாது. முதல் தடவை சேர்கிறவர் தைப்பட்டத்தில் சேர்ந்தால் மறுபடி பங்குப் பக்கமே வர மாட்டார். அதனால்தான் ஆடிப்பட்டம் என்கிறோம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப் பகுதிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே உயரம் கூடுதல், குளிர்ச்சி கூடுதல். பீன்ஸ், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எல்லாம் கூடையில் வரும். தருமபுரிப் பக்கத்துக் கூடையில் இவை இருந்தால் தோட்டக்காரர் வெளியே வாங்கிப் போடுகிறாரா என்று கேளுங்கள். மேட்டுப் பகுதியில் முட்டைக்கோஸுக்கும் காலிஃபிளவருக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி பெரிய தொல்லை. சந்தைக்குப் போகும் பயிரில் அதற்காக அடிக்கும் மருந்து கொஞ்சமல்ல. ஆகவே பங்குக்குக் கொடுக்கும் கூடுதல் விலை அதிகம் பலன் தருவது அங்கேதான். தளி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரத் தோட்டங்களில் யானை இறங்கும் அபாயமும் உண்டு. ஒரே இரவில் கோஸ் பாத்தி முழுவதும் போய்விடும். ஒப்பந்தத்தில் அதையும் பேசிக்கொள்ள வேண்டும்.

எந்தப் பங்கில் சேர்ந்தாலும் பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும். 'பங்கு எடுத்தால் சந்தைக்கே போக வேண்டாம்' என்பது நடக்காத பேச்சு.

பணக் கணக்கு

கணக்குப் போடும் முன் இரண்டு வாரம் வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். என்ன காய் எத்தனை கிலோ வாங்கினோம், எவ்வளவு குப்பைக்குப் போனது, எத்தனை நாள் கீரை சமைத்தோம் என்று எழுதுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, அதாவது நால்வர் வீட்டுக்கு வாரம் 11 கிலோ. நோட்டில் வரும் எண் அதைவிடக் குறைவாக இருந்தால், பங்கின் அளவை நோட்டை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும், பரிந்துரையை வைத்தல்ல.

ஓர் உதாரணம் மட்டும் போடுகிறோம், உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 16 வாரப் பங்கு, மொத்தம் ரூ.6,400. வாரம் ரூ.400. கூடையில் 5 கிலோ காய், மூன்று கட்டு கீரை. அதில் முக்கால் கிலோ வீட்டில் யாரும் தொடாமல் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். பூசணி, பாகல் பிடிக்காத வீடுகளில் இது நடப்பதுதான். கீரைக்குக் கட்டு ரூ.15 வீதம் ரூ.45 கழித்தால், மிச்சம் ரூ.355-க்கு நீங்கள் சாப்பிட்டது நாலேகால் கிலோ. கிலோ ரூ.84 ஆகிறது. அதே காய்களின் சராசரி உழவர் சந்தையில் ரூ.45 என்றால், அதே நாலேகால் கிலோவும் கீரையும் ரூ.236-க்கு முடிந்திருக்கும். வாரம் ரூ.164 வித்தியாசம், பருவத்துக்குச் சுமார் ரூ.2,600. மருந்தில்லாக் காய்க்கும், அன்று காலை வெட்டிய கீரைக்கும் நீங்கள் தரும் கூடுதல் இதுதான். இந்தத் தொகை உறுத்தாவிட்டால் சேரலாம்.

இந்தக் கணக்கில் விளையாடுவது வீணாகும் அந்த முக்கால் கிலோ. வாரம் ஐந்து நாள் வீட்டில் சமைப்பவருக்கு அது கால் கிலோவாகக் குறையும். இரண்டு நாள் மட்டும் சமைப்பவருக்கு ஒன்றரைக் கிலோவாக ஏறும். பங்கு கட்டுபடியாகுமா என்பதைக் காயின் விலையைவிட அடுப்பு எரியும் நாள்தான் தீர்மானிக்கிறது.

தக்காளி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ ரூ.100-ஐத் தாண்டியபோது அரசே ரேஷன் கடைகளில் ரூ.60-க்கு விற்றது. அப்போது பலரும் பங்கில் இருந்தால் தப்பித்திருக்கலாமே என்று நினைத்தார்கள். தப்பித்திருக்க முடியாது. ஜூலையில் தக்காளி குறைவதற்கு ஒரு காரணம் கோடையில் பூ உதிர்வது, அது பங்குத் தோட்டத்துக்கும் பொதுதான். ஆடி விதைப்பே அப்போதுதான் நடக்கும். மறுபுறம், பாலக்கோடு மண்டியில் தக்காளி கிலோ சில ரூபாய்க்கு விழுந்து, பெட்டி பெட்டியாகச் சாலையோரம் கொட்டும் வாரத்தில் பங்குக் கூடையில் 2 கிலோ தக்காளி போட்டு எடையை நிரப்பினால் நஷ்டம் உங்களுக்கு. பேசும்போதே 'தக்காளி வாரம் 1 கிலோவுக்கு மேல் எடையில் சேராது' என்று சொல்லிவிடுவது நல்லது. அதற்கு மேல் போட்டால் இனாமாகப் போடட்டும்.

உழவர் சந்தையும் வாரச் சந்தையும்

உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கியது. நிலமும் பயிரும் சரிபார்த்து அடையாள அட்டை வாங்கிய உழவர்தான் கடை போட முடியும். தராசு அங்கேயே தருவார்கள், வாடகை இல்லை. அன்றாட விலையை நிர்வாகம் மொத்த விலையைப் பார்த்து நிர்ணயித்துப் பலகையில் எழுதும். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேல், வெளிக்கடைக்குக் கொஞ்சம் கீழ் என்பதுதான் கணக்கு. எடையிலும் விலையிலும் ஏமாற வழியில்லை. பேரம் பேசத் தெரியாதவருக்கும் நியாயமாகக் கிடைக்கும்.

அதன் குறை, நேரம். நல்ல கீரையும் இளசான வெண்டையும் விடிகாலையிலேயே போய்விடும். ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் கிளம்புகிறவர் போகும்போது மிச்சம்தான் இருக்கும். இன்னொன்று, எப்படி விளைந்தது என்று அங்கே யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரே உழவரிடம் இரண்டு மாதம் தொடர்ந்து வாங்குங்கள், அவர் கொல்லையை ஒருமுறை போய்ப் பாருங்கள். பிறகு அவரிடம் 'மருந்தடித்து எத்தனை நாளாச்சு?' என்று கேட்டால் உண்மையைச் சொல்வார். முன்பணம் இல்லாமலே பங்கின் பாதிப் பலன் இதில் கிடைத்துவிடும். பணம் இறுக்கமான வீடுகளுக்கு நாங்கள் சொல்லும் வழி இதுதான், இதில் குறைவு ஒன்றுமில்லை.

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தை போன்ற வாரச் சந்தைகளில் வியாபாரிகளும் இருப்பார்கள், உழவர்களும் இருப்பார்கள். பொழுது சாயச் சாயக் கூறு பெரிதாகும், விலை சிறிதாகும். வெங்காயம், உருளை, பூண்டு, காய்ந்த மிளகாய், புளி வாங்க அது நல்ல இடம். மழை பெய்த வாரங்களில் மானாவாரிக் கொல்லையில் தானாக முளைத்த பண்ணைக்கீரையைப் பாட்டிமார்கள் கொண்டுவந்து போடுவார்கள்; எந்தப் பங்குக் கூடையிலும் அது வராது.

வீட்டில் விளைவிப்பது

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளை (பையும் விதையும் அடங்கிய தொகுப்பு) தருவதுண்டு. ஆறு பை வைத்து ஒரு குடும்பத்துக்குக் காய் வராது. ஆனால் கீரை, கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகாய் நான்கையும் வீட்டிலேயே முடித்துவிடலாம். தருமபுரி வெயிலில் மாசியிலிருந்து நிழல்வலை கட்டி, காலை மாலை இரண்டு நேரமும் தண்ணீர் விட வேண்டும். குரங்குத் தொல்லை உள்ள தெருவில் தக்காளி வைக்காதீர்கள். பின்புறம் அரை சென்ட் மண் இருந்தால் அங்கே ஒரு முருங்கையும் ஒரு பந்தல் அவரையும் போதும். பங்கு எடுப்பவரும் இதைச் செய்யலாம். வீட்டில் கீரை இருந்தால் பங்கில் கீரைக்குப் பதில் காய் கேட்டு வாங்கலாம்.

தோட்டத்தைப் போய்ப் பார்க்கும்போது

பணம் கட்டும் முன் தோட்டத்தை நேரில் பார்க்காமல் எந்தப் பங்கிலும் சேராதீர்கள். போகும் மாதம் சித்திரை. தோட்டம் மிக மோசமாகத் தெரியும் மாதம் அது, அதனால்தான் அப்போது போகச் சொல்கிறோம். மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். போர் எத்தனை நேரம் நிற்காமல் ஓடுகிறது, தண்ணீர் அறுந்தால் திரும்ப ஊற எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். சித்திரையில் இரண்டு மணி நேரம் ஓடினால், சொட்டுநீர் இருந்தால், ஒரு ஏக்கர் காய்கறி தாங்கும். அரை மணியில் காற்று வாங்கினால் அங்கே ஆடிப்பட்டத்துக்கு மட்டும் சேரலாம், அதுவும் மழையை நம்பித்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பெங்களூரு பக்கக் கழிவு கலந்த தென்பெண்ணை நீர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கிப் பாய்வது பலமுறை செய்தியாகியிருக்கிறது. ஓசூர்ப் பக்கத் தோட்டத்தில் ஆற்றுக் கால்வாயா, சொந்தக் கிணறா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். பச்சையாகச் சாப்பிடும் வெள்ளரிக்கும் கொத்தமல்லிக்கும் ஆற்று நீர் பாய்ந்தால், மருந்தே அடிக்காவிட்டாலும் அந்தப் பங்கை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

அடுத்து, எத்தனை பங்குதாரர், எத்தனை சென்ட் நிலம். இந்த ஒரு கணக்கு பல விஷயத்தை வெளியே கொண்டுவரும். வெண்டையை மட்டும் நன்றாகப் பார்த்துப் பயிரிட்டால் ஏக்கருக்கு 5, 6 டன் வரும். அதற்கு நிலம் சுமார் 15 வாரம் அடைபடும். சராசரி போட்டால் ஏக்கருக்கு வாரம் அதிகம் போனால் 400 கிலோ. பல காய் கலந்து, பாத்தி மாற்றி, மருந்தில்லாமல் செய்தால் அதில் பாதி கிடைத்தாலே நல்ல விளைச்சல். ஆக ஐம்பது சென்டில் வாரம் 100 கிலோ, 5 கிலோ வீதம் 20 பங்கு. அதே ஐம்பது சென்டில் அறுபது பங்கு சேர்த்திருக்கிறார் என்றால் மிச்சம் 200 கிலோ எங்கிருந்து வரும்? மண்டியிலிருந்துதான். பக்கத்துத் தோட்டக்காரரிடம் வாங்கிப் போடுவது தப்பில்லை. சொல்லாமல் போடுவதுதான் தப்பு.

'வெண்டையை எத்தனை தடவை விதைப்பீர்கள்?' என்றும் கேளுங்கள். ஒரே தடவை என்றால் எட்டு வாரம் கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டுப் பிறகு நின்றுவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைப்பேன், கீரை வாரம் ஒரு பாத்தி தூவுவேன் என்று சொன்னால் அவருக்குப் பங்கு நடத்தத் தெரியும். சந்தைக்கு மட்டும் பயிரிட்டுப் பழகியவர் நல்ல உழவராக இருந்தும் பங்கில் திணறுவது இங்கேதான். ஒரே நாளில் ஏற்றிவிடும் விளைச்சல் அவருக்கு வசதி, நமக்கு வாரா வாரம் வேண்டும்.

மருந்து விஷயத்தில் வாய்ச்சொல்லைவிடக் கண் நம்பகமானது. மோட்டார் ரூம் மூலையையும் வேலியோரத்தையும் பாருங்கள், காலி பாட்டில் கிடக்கிறதா என்று. மஞ்சள் ஒட்டுப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருக்கிறாரா, அதில் பூச்சி ஒட்டியிருக்கிறதா, அல்லது நேற்றுத்தான் மாட்டிய புதுப் பொறியா என்று பாருங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டால், செய்பவர் யோசிக்காமல் சொல்வார்: 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு, இரவு ஊறப்போட்டு, காலையில் வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் அடிப்பது. கத்தரிச் செடியருகே குனிந்து நுனியைப் பாருங்கள். வாடித் தொங்கும் நுனிகளைக் கிள்ளி எடுத்துப் போட்ட அடையாளம் இருந்தால், காய்த்துளைப்பானைக் கையால் சமாளிக்கிறார். ஒரு நுனிகூட வாடாமல், ஒரு காயில்கூடத் துளையில்லாமல் கத்தரி பளபளவென்று நின்றால், எப்படி என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்ற வேண்டும்.

சான்றிதழ் இருந்தால் வாங்கிப் பாருங்கள். விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை தருவது ஒன்று. உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறை இன்னொன்று. பி.ஜி.எஸ்.-ல் 'பசுமை' என்றிருந்தால் அவர் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறார், 'ஆர்கானிக்' என்றிருந்தால் மாறி முடித்தவர். சான்று இல்லாததே குற்றமும் அல்ல. 2017-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்து தன் விளைச்சலை நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் சிறு உழவருக்கு விலக்கு அளித்திருக்கின்றன.

எழுதி வாங்க வேண்டியவை

ஒரு பக்கத் தாள் போதும், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. தொடங்கும் வாரம், மொத்த வாரம், கூடையின் குறைந்தபட்ச எடை, குறைந்தது எத்தனை வகை என்பவை முதலில். வெளியே வாங்கிப் போட்டால் எந்தக் காய் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு வரி. நீங்கள் ஊரில் இல்லாத வாரத்தை இரண்டு நாள் முன்பு சொன்னால் கடைசியில் சேர்த்துத் தருவார்களா என்று ஒரு வரி. தீபாவளி வாரமும் பொங்கல் வாரமும் பறிக்க ஆள் கிடைக்காது. அந்த இரண்டு வாரமும் கூடை இல்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

பயிர் போனால் என்ன செய்வது என்பதில் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும். மழை, யானை, நோய் இவற்றால் எடை குறைந்தால் பணம் திரும்பக் கேட்கக் கூடாது. பங்கு என்று சேர்ந்ததன் பொருளே அதுதான். ஆனால் தொடர்ந்து மூன்று வாரம் பாதி எடைக்குக் கீழே வந்தால், பருவக் கடைசியில் இரண்டு வாரம் கூட்டித் தர வேண்டும் என்று எழுதிக்கொள்வது நியாயம்.

முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். உழவு, தொழு உரம், விதை, நாற்று, சொட்டுநீர்க் குழாய் என்று அவருடைய செலவில் பெரும்பகுதி தொடக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பாதி போதும். பறிகூலியும் வண்டிச் செலவும் வாரா வாரம் வருவது, அதற்கு மிச்சப் பாதியை ஆறாவது வாரம் கொடுக்கலாம். மொத்தமாகக் கேட்டு 10 சதவீதம் தள்ளுபடி தருகிறேன் என்பவரைவிட இரண்டு தவணைக்கு ஒத்துக்கொள்பவரிடம் சேர்வது மேல்.

பறிப்பதற்கும் உங்கள் கைக்கு வருவதற்கும் இடையே எத்தனை மணி நேரம் என்பதையும் கேட்டு வையுங்கள். விடிகாலை வெட்டிய கீரை எட்டு மணிக்குள் வந்தால் இரண்டு நாள் நிற்கும். பகல் பன்னிரண்டுக்கு வந்தால் அன்று மதியமே கடைந்தாக வேண்டும். வந்ததும் கீரையை ஈரப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். வெண்டையைக் கழுவாமல் வையுங்கள். தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்.

யாருக்கு எது

தருமபுரி, கிருஷ்ணகிரி நகரத்தில் நாள்தோறும் சமைக்கும் நால்வர் வீடு: அரைப் பங்கு, மிச்சம் உழவர் சந்தை. முதல் பருவம் முடிந்து வீணானது கால் கிலோவுக்குள் நின்றால் அடுத்த ஆடிக்கு முழுப் பங்கு.

ஓசூரில் இருவரும் வேலைக்குப் போகும் வீடு, காலையில் சந்தைக்குப் போக நேரமில்லாதவர்கள்: வீட்டுக்கு அல்லது தெருமுனைக்குக் கொண்டுவந்து தரும் பங்கு. அடுத்த வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு பங்கைப் பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒருவருக்குப் பிடிக்காத பாகல் இன்னொருவருக்குப் போகும். தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்குப் பங்கு வேண்டாம்.

அரூர், பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கக் கிராமத்தில் கொல்லையோடு இருப்பவருக்கும் பங்கு தேவையில்லை. கீரையும் அவரையும் முருங்கையும் வீட்டில், மீதி வாரச் சந்தையில். கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீடு மருந்தில்லாக் காய்க்காகவே தேடுகிறது என்றால், கீரை, கத்தரி, கோஸ், காலிஃபிளவர், பச்சைமிளகாய் இவற்றை மட்டும் பங்கில் கேளுங்கள். பூசணி, சேனை, மரவள்ளி எங்கே வாங்கினாலும் பரவாயில்லை.

சேர்வதென்று முடிவானால் சித்திரையில் கிணறு, ஆனியில் பேச்சும் முதல் தவணையும், ஆடியில் விதைப்பு நடந்ததா என்று ஒரு நடை. ஐந்தாவது, ஆறாவது வாரக் கூடையை வீட்டுத் தராசில் போட்டு எழுதி வையுங்கள். எழுதித் தந்த எடைக்கு அரைக் கிலோ முன்பின் இருந்தால் இரண்டாம் தவணையை அன்றே கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் குறைந்தால் தோட்டத்துக்கு ஒருமுறை போய், எந்தப் பாத்தி என்ன ஆனது என்று நின்று பார்த்து, பேசிவிட்டுக் கொடுங்கள்.